அசல் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமை: சிங்கப்பூரில் தத்துப் பிள்ளைகளுக்காகச் சட்டமாற்றம் கேட்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீதிமன்றம் தத்தெடுப்பு ஆணை பிறப்பித்ததும் குழந்தையின் பிறப்பு மறுபதிவு செய்யப்படுகிறது. புதிய பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் என்ற இடத்தில் வளர்ப்பவர்களின் பெயர்கள் வருகின்றன. பள்ளியில் சேர்க்க, அடையாள அட்டை எடுக்க, கடப்பிதழ் வாங்க அந்தச் சான்றிதழ் போதும். ஆனால் பழைய பதிவு அழிவதில்லை. பெற்ற தாயின் பெயரோடு அது பதிவேட்டில் அப்படியே இருக்கிறது. பழைய பதிவையும் புதிய பதிவையும் இணைக்கும் குறிப்பு மட்டும் பூட்டி வைக்கப்படுகிறது. நீதிமன்ற ஆணை இருந்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும்.

பிள்ளைக்கு ஐம்பது வயதானாலும் இதே நிலைதான். தன் பிறப்பைப் பற்றிய காகிதத்தைப் பார்க்க, ஏன் பார்க்க வேண்டும் என்று நீதிபதிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அந்த நிலையை மாற்றக் கேட்பது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. தனி ஒருவர் தன் தாயைத் தேடுவது வேறு வேலை. இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

முதல் படி: எந்தக் காகிதம் என்று முடிவு செய்யுங்கள்

தத்தெடுப்பு தொடர்பான ஆவணங்கள் மூன்று இடங்களில் இருக்கும்.

ஒன்று, அசல் பிறப்புப் பதிவு. பிறப்பு, இறப்புத் தலைமைப் பதிவாளரின் பொறுப்பில், குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் இருப்பது. பிறந்த நாள், இடம், தாயின் பெயர், சில வேளைகளில் தந்தையின் பெயர், அன்றைய முகவரி ஆகியவை இதில் கிடைக்கும்.

இரண்டு, நீதிமன்றக் கோப்பு. தத்துக் கொடுக்கச் சம்மதித்த கையெழுத்து, சத்தியப் பிரமாணங்கள், குழந்தையின் நலன் குறித்து நீதிமன்றத்துக்குத் தரப்பட்ட அறிக்கை.

மூன்று, அமைச்சோ அமைப்போ வைத்திருக்கும் சமூக சேவைக் குறிப்புகள். தாய் ஏன் கொடுத்தார், வீட்டுச் சூழல் என்ன என்பதெல்லாம் இங்குதான் இருக்கும்.

பிரசாரத்தில் முதலாவதை மட்டும் கேளுங்கள். மூன்றையும் ஒரே கோரிக்கையில் கட்டினால் எதிர்ப்பும் மும்மடங்காகும். மூன்றாவது கோப்பில் தாயின் மனநிலை, பாட்டியின் கோபம், சண்டைகள் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அதைத் திறப்பது பற்றி நியாயமான தயக்கம் எவருக்கும் வரும். பிறப்புப் பதிவு அப்படியல்ல. மற்ற எல்லாக் குடிமக்களும் கேள்வியின்றிப் பெறும் ஒரு பக்கம் அது. இங்கே அகலக்கால் வைக்காதீர்கள்.

இன்னொரு பிரிவினையும் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள். நீங்கள் கேட்பது காகிதத்தை, உறவை அல்ல. பெற்ற தாயைச் சந்திக்க வேண்டும், அவர் பேச வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. ஒவ்வொரு கடிதத்திலும் முதல் பத்தியிலேயே இது தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் படிப்பவர் மனத்தில் கதவைத் தட்டும் அந்நியர் ஒருவரின் படம்தான் எழும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய எதையும் அவர் படிக்கப்போவதில்லை.

இரண்டாம் படி: இப்போதுள்ள சட்டத்தைச் சரியாகச் சொல்லுங்கள்

இங்கு தத்தெடுப்புச் சட்டம் 1939-இல் வந்தது. பிரிட்டிஷ் சட்டத்தின் அச்சில் எழுதப்பட்டதால், இணைப்புக் குறிப்பைப் பூட்டி வைக்கும் ஏற்பாடும் அங்கிருந்தே வந்தது. புதிய குழந்தைகள் தத்தெடுப்புச் சட்டம் 2022 மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2024 அக்டோபர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. தத்தெடுப்போரின் தகுதி, பணப் பரிமாற்றக் கட்டுப்பாடு, அமைப்புகள் மீதான கண்காணிப்பு ஆகியவற்றை அது இறுக்கியது. வளர்ந்த பிள்ளை நீதிமன்றத்தைக் கேட்காமல் தன் அசல் பதிவைப் பெறும் உரிமை அதில் சேரவில்லை.

சட்டம் புதிது என்பது உங்களுக்கு ஒரு சங்கடம். "இப்போதுதானே திருத்தினோம்" என்ற பதில் வரும். இதற்கு விடை ஒன்று உண்டு. பிள்ளையிடம் தத்தெடுப்பைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லும்படி சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சே வளர்ப்புப் பெற்றோருக்கு அறிவுறுத்துகிறது. சின்ன வயதிலேயே உண்மையைச் சொல்லுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லும் அரசு, பிள்ளை பெரியவனானதும் அந்த உண்மைக்கான ஆவணத்தை மூடி வைப்பது பொருந்தவில்லை. இது குற்றச்சாட்டு அல்ல, அரசின் கொள்கையையே அதன் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோவது. சிங்கப்பூரில் இந்தத் தொனிதான் எடுபடும்.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையிலும் சிங்கப்பூர் 1995-இல் இணைந்தது. முடிந்த அளவு தன் பெற்றோரை அறியும் உரிமையை 7-ஆவது பிரிவும், அடையாளத்தைக் காக்கும் உரிமையை 8-ஆவது பிரிவும் பேசுகின்றன. இணைந்தபோது சில விளக்கங்களையும் ஒதுக்கங்களையும் சிங்கப்பூர் பதிவு செய்தது. ஆகவே, "உடன்படிக்கையை மீறுகிறார்கள்" என்று எழுதாமல் "உடன்படிக்கையின் நோக்கத்தோடு ஒத்துப்போகும் மாற்றம்" என்று எழுதுங்கள்.

பலரும் நேரத்தை வீணாக்கும் ஒரு குறுக்குவழியையும் சொல்லிவிடுகிறோம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்திடம் "என்னைப் பற்றிய தகவலைக் கொடுங்கள்" என்று விண்ணப்பிப்பதுதான் அது. 2012-இல் வந்த அந்தச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று தனியாக ஒன்றும் இங்கு கிடையாது. தனியார் அமைப்புகளிடம் அந்தச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். ஆனால் மற்றொருவரின் தகவல் வெளிப்படும் இடங்களில் அவர்கள் மறுக்கலாம்.

மூன்றாம் படி: யாருக்கு இது உதவாது என்பதையும் அறிந்திருங்கள்

தமிழ்க் குடும்பங்களில் இதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. போருக்கு முன்பும் பின்பும் சீனப் பெண் குழந்தைகளை எடுத்து வளர்த்த தமிழ் வீடுகள் தேக்காவிலிருந்து செம்பவாங் வரை இருந்தன. சேலை கட்டி, தமிழ் பேசி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்த அந்தப் பெண்களில் பலர் இன்று பாட்டிகள். அவர்களில் நிறையப் பேருக்கு நீதிமன்ற ஆணையே கிடையாது. அண்டை வீட்டார், மருத்துவச்சி, தெரிந்த ஒருவர் மூலம் குழந்தை கை மாறியது. காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துபோனது. ஆணை இல்லாத இடத்தில் பூட்டிய பதிவும் இல்லை. சில வீடுகளில் பெற்றவர்களின் பெயருள்ள அசல் சான்றிதழே குழந்தையோடு கைமாறியிருக்கும். ஆகவே இப்படியொருவர் உங்களிடம் வந்தால் சட்டத்தைப் பற்றிப் பேசுமுன் அலமாரியைத் தேடச் சொல்லுங்கள். பழைய துணிப்பை, பிஸ்கட் டின், மறைந்த அம்மாவின் வங்கிப் புத்தகத்தின் உறை என்று எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

வெளிநாட்டில் பிறந்து இங்கு தத்தெடுக்கப்பட்டவர்களின் நிலையும் வேறு. ஜோகூரில் பிறந்தவரின் பிறப்புப் பதிவு மலேசியத் தேசியப் பதிவுத் துறையிடம்தான் இருக்கும். அங்கு 1952-இன் தத்தெடுப்புச் சட்டமும் அதே ஆண்டின் தத்தெடுப்புப் பதிவுச் சட்டமும் தனித்தனியே இயங்குகின்றன. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு அந்நாட்டு மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் விதிகளில் வேர் தேடலுக்கென்று ஒரு வழி இருக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தை மாற்றினால் இவர்களுக்கு இங்குள்ள கோப்பு மட்டுமே திறக்கும். 2025 ஜூலையில் மேற்கு ஜாவாக் காவல்துறை குழந்தைக் கடத்தல் கும்பல் ஒன்றைப் பிடித்ததும், சில குழந்தைகள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டதாகச் செய்தி வந்ததும் நினைவிருக்கும். தாளில் உள்ள பெயரே பொய்யாக இருக்கக்கூடும் என்பதை அந்தச் செய்தி எல்லோருக்கும் புரியவைத்தது. பதிவைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: கோரிக்கையை ஒரு பத்தியில் எழுதுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். கீழே ஒரு மாதிரி:

"21 வயது நிறைந்த தத்துப் பிள்ளை ஒருவர், தன் அடையாளத்தை நிறுவி எழுத்துமூலம் விண்ணப்பித்தால், தலைமைப் பதிவாளர் அவருடைய அசல் பிறப்புப் பதிவின் சான்றளிக்கப்பட்ட நகலை அவருக்கு வழங்க வேண்டும். தத்தெடுப்பு ஆணை எந்த ஆண்டில் பிறப்பிக்கப்பட்டிருந்தாலும் இது பொருந்தும்."

இதில் நான்கு முடிவுகள் அடங்கியிருக்கின்றன.

வயது: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 18, ஸ்காட்லாந்தில் 16, நியூசிலாந்தில் 20. சிங்கப்பூரில் 21 கேளுங்கள். வாக்களிக்கும் வயதும் அதுதான். 18 கேட்டால் மூன்று ஆண்டு வித்தியாசத்துக்காக ஒரு தனிச் சண்டை போட வேண்டியிருக்கும். அது தேவையில்லை.

யார் முடிவு செய்வது: பதிவாளருக்கு விருப்புரிமை இருக்கக்கூடாது. இருந்தால் நீதிபதியின் மேசையிலிருந்து அதிகாரியின் மேசைக்குக் கோப்பு இடம் மாறியதுதான் மிச்சம்.

என்ன கிடைக்கும்: சான்றளிக்கப்பட்ட முழு நகல். பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்ட சாரம் அல்ல.

பழைய ஆணைகள்: இதுதான் உயிர்நாடி. "இனி நடக்கும் தத்தெடுப்புகளுக்கு மட்டும்" என்று சமரசம் பேசப்படும். அதை ஏற்றால், 2024-இல் பிறந்த குழந்தை பயன்பெற 2045 வரை காத்திருக்க வேண்டும். இன்று எழுபது வயதில் இருப்பவருக்கு எதுவும் இல்லை. மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விடாதீர்கள்.

ஐந்தாம் படி: தாய்க்குக் கொடுத்த வாக்கு என்ற கேள்வி

எதிர்ப்பில் கனமானது இது ஒன்றுதான். திருமணமாகாமல் கருவுற்ற பெண்ணுக்கு "யாருக்கும் தெரியாது" என்று சொல்லப்பட்டது. அதை நம்பிக் கையெழுத்துப் போட்டார். இன்று கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமல் வாழ்கிறார். இதை அலட்சியமாக ஒதுக்கினால் தோற்பீர்கள். நம் சமூகத்தில் ஊர் வாய்க்கு இருக்கும் பலம் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் தெரியும்.

பதில் சொல்ல மற்ற நாடுகள் செய்து பார்த்த வழிகளைக் கையில் வைத்திருங்கள்.

ஸ்காட்லாந்து 1930-லிருந்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அசல் பதிவைத் தருகிறது.

இங்கிலாந்தும் வேல்ஸும் 1975 சட்டத்தால் கதவைத் திறந்தன, பழைய ஆணைகளையும் சேர்த்து. 1975 நவம்பர் 12-க்கு முன் தத்தெடுக்கப்பட்டவர்கள் முதலில் ஓர் ஆலோசகரைச் சந்திக்க வேண்டும் என்று விதித்தன. இரகசியம் காக்கப்படும் என்று நம்பிய தாய்மார்களுக்காக வைத்த இடைநிலை ஏற்பாடு அது.

நியூசிலாந்து 1985 சட்டத்தில் வேறு வழி எடுத்தது. 1986 மார்ச்சுக்கு முன் நடந்த தத்தெடுப்புகளில் பெற்ற தாய் பத்து ஆண்டுகளுக்குத் தடை பதியலாம், பிறகு புதுப்பிக்கலாம். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் தடை இருக்கும்வரை பிள்ளைக்குத் தாயின் பெயரே கிடைக்காது. இந்த வடிவத்தை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1998-இல் மக்கள் வாக்கெடுப்பில் உரிமையை ஏற்றது. நீதிமன்ற வழக்குகளால் நடப்புக்கு வர 2000 ஆனது. தாய்மார்கள் தொடர்பு விருப்பப் படிவம் ஒன்றை நிரப்பித் தரலாம்: நேரடியாகத் தொடர்பு கொள்ளலாம், இடையாள் மூலம் மட்டும், வேண்டவே வேண்டாம். படிவத்தில் எது எழுதியிருந்தாலும் சான்றிதழ் போகும்.

அயர்லாந்தின் 2022 சட்டம் நம் சூழலுக்கு மிக நெருக்கம். அங்கும் திருமணத்துக்கு வெளியே பிறப்பதைச் சுற்றி நீண்ட காலம் வெட்கமும் மௌனமும் இருந்தன. தாய் தொடர்பு வேண்டாம் என்று பதிந்திருந்தால், விண்ணப்பிப்பவருக்கு ஒரு தகவல் உரையாடல் நடக்கும். தொலைபேசியிலேயே முடிந்துவிடும். தாயின் விருப்பத்தை அவரிடம் எடுத்துச் சொல்வார்கள், பிறகு சான்றிதழைத் தருவார்கள்.

உங்கள் பரிந்துரை இப்படி இருக்கலாம்: சட்டம் நடப்புக்கு வருமுன் ஓராண்டு விளம்பரக் காலம், அந்தக் காலத்தில் பெற்ற தாயும் தந்தையும் தொடர்பு விருப்பத்தைப் பதிவு செய்யலாம், நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் விளம்பரம். தடை உரிமை இல்லை. இதற்கு மேல் ஒரு தாயைக் காக்கும் வழி கேட்டால், இன்றைய உண்மையைச் சொல்லுங்கள்: மரபணுச் சோதனைப் பெட்டி வாங்கி எச்சிலை அனுப்புகிறவர், ஒன்றுவிட்ட சகோதரர்கள் வழியாகத் தாயின் குடும்பத்தை அடைந்துவிடுகிறார். வழியில் எத்தனை பேரிடம் விசாரிப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பதிவேட்டிலிருந்து நேரே பெயர் கிடைத்தால் விஷயம் இருவரோடு நிற்கும்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் கேள்வி இன்னும் கூர்மையானது. திருமணத்தில் மணமகளின் 'வலி' (அவர் சார்பில் நின்று மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளர்) யார் என்பது பெற்ற தந்தையைப் பொறுத்தது. வாரிசுப் பங்கும் அப்படியே. அங்கு வம்சம் தெரிவது மார்க்கக் கடமையோடு இணைந்தது. பள்ளிவாசல் பெரியவர்கள் இந்தக் கோரிக்கைக்கு எதிராளிகள் அல்லர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆறாம் படி: சான்று திரட்டுங்கள்

உணர்ச்சிகரமான கதை ஒன்றைவிட, ஒரே மாதிரி நிரப்பிய பதினைந்து படிவங்கள் அதிகம் பேசும். ஒவ்வொன்றிலும் இவை இருக்கட்டும்: பிறந்த பத்தாண்டு, ஆணை எந்த நாட்டுடையது, எந்த வயதில் விண்ணப்பித்தார், எந்த ஆவணத்தைக் கேட்டார், எத்தனை மாதம் ஆனது, வழக்கறிஞருக்கு எவ்வளவு செலவு, என்ன கிடைத்தது, மறுத்தால் சொன்ன காரணம். விண்ணப்பிக்காதவர்களிடமும் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேளுங்கள். "வளர்த்த அம்மா உயிரோடு இருக்கும்வரை வேண்டாம்" என்ற பதில் அடிக்கடி வரும். அதையும் மறைக்காமல் பதியுங்கள்.

பெயர், அடையாள அட்டை எண், பிறந்த தேதி வேண்டாம். மருத்துவமனையும் ஆண்டும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அஞ்சுவோருக்கு ஓர் ஆறுதல்: கண்டாங் கர்பாவ் மருத்துவமனையில் 1966-இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஆனால் சிறிய மருத்துவமனையானால் மருத்துவமனையின் பெயரை எடுத்துவிடுங்கள்.

நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் விண்ணப்பத்தைப் பற்றி வெளியில் எழுதவே கூடாது. அது விண்ணப்பதாரருக்கும் கேடு, உங்களுக்கும் கேடு.

ஏழாம் படி: குழுவின் வடிவம்

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து அமைப்பாக இயங்கினால் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் இருப்பது ஒன்று. தலைவர், பொருளாளர், சந்தா என்று வைத்துக்கொள்வது வேறு. பதியாமல் இரண்டாவதைச் செய்யாதீர்கள். தொடக்கத்தில் ஐந்தாறு பேர் தம் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதுவது எளிது.

ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் கூட்டம் நடத்தலாம். ஆனால் குடியுரிமையோ நிரந்தரவாசமோ இல்லாதவர் பங்கேற்க முடியாது. இங்கு பிறந்து, ஆஸ்திரேலியக் குடும்பம் தத்தெடுத்துச் சென்றவர் உங்கள் மிகச் சிறந்த பேச்சாளராக இருக்கலாம். அவர் அங்கு நின்றால் ஏற்பாட்டாளருக்குச் சிக்கல். உள்ளரங்கிலும் வெளிநாட்டவர் பேசுவதாக இருந்தால் காவல்துறை அனுமதியை முன்கூட்டியே பாருங்கள். உண்மையில் இந்த விஷயத்துக்குப் பெருங்கூட்டம் அவ்வளவாக உதவாது. சமூக மன்ற அறையில் இருபது பேர் உட்கார்ந்து பேசுவது போதும்.

எட்டாம் படி: நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோவது

உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் குடியிருப்பாளர்களின் குறைகளைக் கேட்கும் மக்கள் சந்திப்பில் தொடங்குங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் எண் வாங்கி உட்கார்ந்தால், முதலில் ஒரு தொண்டூழியர் உங்கள் விவரத்தைத் தட்டச்சு செய்வார். இங்குதான் வழக்கமாகத் தவறிப்போகிறது. அவர் பழக்கத்தில் "இவருடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவும்" என்று குடிநுழைவு ஆணையத்துக்கு ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதிவிடுவார். சில வாரங்களில் வழக்கமான பதில் வரும், கோப்பு மூடப்படும். உட்கார்ந்ததுமே "என் சொந்த விவகாரம் இல்லை, கொள்கை மாற்றம் பற்றி உறுப்பினரிடம் இரண்டு நிமிடம் பேச வேண்டும், நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்கக் கோருகிறோம்" என்று சொல்லுங்கள். ஒரு பக்கத் தாளைக் கொடுங்கள். தமிழில் பேசலாம்; தாள் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், ஏனெனில் அது பிறகு பல மேசைகளுக்குப் போகும்.

கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்கள்:

"கடந்த பத்து ஆண்டுகளில் அசல் பிறப்புப் பதிவுத் தகவல் கோரி வயதுவந்த தத்துப் பிள்ளைகள் எத்தனை விண்ணப்பங்கள் தாக்கல் செய்தனர், எத்தனை ஏற்கப்பட்டன, முடிவுக்குச் சராசரியாக எவ்வளவு காலம் ஆனது?"

இதில் கருத்து எதுவும் இல்லை, எண்கள் மட்டும். முதல் கேள்வி அப்படித்தான் இருக்க வேண்டும். எண்கள் சிறியவை என்றால், "தேவை இல்லை" என்று முடிவு கட்ட விடாமல், செலவும் தயக்கமும் எத்தனை பேரைத் தடுத்தன என்று உங்கள் படிவங்களைக் காட்டலாம். தத்தெடுப்புக் கொள்கை சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சுடையது. நீதிமன்ற நடைமுறை பற்றிய கேள்வி சட்ட அமைச்சுக்குப் போகும். தவறான அமைச்சுக்கு அனுப்பினால் ஒரு மாதம் போய்விடும்.

வாய்மொழிப் பதில் கோரும் கேள்விக்கு ஏழு முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஓர் உறுப்பினர் ஓர் அமர்வுக்கு ஐந்து கேள்விகள் தரலாம், அவற்றில் மூன்றுதான் வாய்மொழிக்கு. உங்கள் விஷயம் போட்டியில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். வாய்மொழியில் துணைக் கேள்வி கேட்கலாம் என்பதால் அதையே நாடுங்கள். அந்தத் துணைக் கேள்வியையும் தயாராகக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு, ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி ஒவ்வோர் அமைச்சின் செலவினத்தையும் விவாதிக்கும் வாரங்கள் வரும். அதில் பேச உறுப்பினர்கள் முன்னதாகவே தலைப்புக் கொடுக்க வேண்டும். டிசம்பரில் அணுகுங்கள், பிப்ரவரியில் அல்ல. ஒத்திவைப்புத் தீர்மானம் (அமர்வின் முடிவில் ஓர் உறுப்பினர் ஒரு விஷயத்தை எழுப்பும் வாய்ப்பு) கிடைத்தால் உறுப்பினருக்கு இருபது நிமிடம் முழுதாக இந்த ஒரே விஷயத்துக்குக் கிடைக்கும்.

மனுவும் உண்டு. இணையத்தில் கையெழுத்துத் திரட்டுவதை நாடாளுமன்றம் மனுவாகக் கொள்ளாது. நாடாளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையான ஆணைகளின்படி மரியாதையான மொழியில் எழுதி, ஓர் உறுப்பினர் வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். அது பொது மனுக்கள் குழுவுக்குப் போகும். 2017-இல் மணமாகாத ஒற்றைப் பெற்றோரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுத் தகுதி பற்றி அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் லூயிஸ் இங் மனு தாக்கல் செய்தார். விதி உடனே மாறவில்லை. ஆனால் அமைச்சு எழுத்தில் விளக்கம் தர வேண்டி வந்தது. அந்த விளக்கம்தான் அடுத்த சுற்றுக்கு மூலப்பொருள்.

தனி உறுப்பினர் மசோதா அபூர்வம், ஆனால் நடக்காததல்ல. நியமன உறுப்பினராக இருந்த வால்டர் வூன் கொண்டுவந்த மசோதாதான் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டமானது. மூத்த பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டியதைச் சட்டமாக்கிய அதே வழியில், பிள்ளைக்குப் பதிவேடு செய்ய வேண்டியதையும் கேட்கலாம். இதற்கு நியமன உறுப்பினர்கள் பொருத்தமானவர்கள். அவர்களின் தவணை இரண்டரை ஆண்டுதான், தொடக்கத்திலேயே பிடியுங்கள்.

ஒன்பதாம் படி: இணங்கிய பிறகு

கொள்கையளவில் ஏற்றுக்கொண்டோம் என்ற அறிவிப்பு வந்ததும் பலர் கலைந்துவிடுவார்கள். அப்போதுதான் துணை விதிகள் எழுதப்படும். கட்டணம் எவ்வளவு, சிங்பாஸ் (அரசின் மின்னிலக்க அடையாளக் கணக்கு) இல்லாத வெளிநாட்டுத் தத்துப் பிள்ளை எப்படித் தன் அடையாளத்தை நிறுவுவது, ஆலோசனை கட்டாயமா விருப்பமா, எத்தனை வாரத்தில் பதில், தமிழில் பேசும் ஆலோசகர் உண்டா, இறந்துபோன தத்துப் பிள்ளையின் மகள் விண்ணப்பிக்கலாமா என்று எல்லாம் அங்கு முடிவாகும். பொதுக் கலந்தாலோசனை, மக்களின் கருத்தைக் கேட்கும் அரசின் ரீச் தளத்தில் சில வாரங்களே திறந்திருக்கும். இந்த ஆறு கேள்விகளுக்கும் உங்கள் பதிலை முன்பே எழுதி வைத்திருந்து, திறந்த முதல் வாரத்திலேயே அனுப்புங்கள்.